பொலித்தீன் பைக்குள் வேகும் கூறைச்சேலைகள்

இந்த மாதமும் ஒரு கூறைச்சேலை வந்துவிட்டது. உப்புவெளியிலிருந்து ஓர் அக்கா, தன் அம்மாவின் கல்யாணச் சேலையைச் சுவரில் மாட்டும்படி ஏதாவது செய்து தரச் சொல்லிக் கொண்டுவந்தார். புடைவைக்கடைப் பொலித்தீன் பை, அதன் வாயில் முடிச்சு, அதற்கு மேல் இன்னொரு பை. மேசையில் விரிக்க விரிக்க, மடிப்புக் கோடுகள் வழியே பட்டு கிழிந்துகொண்டே போனது. சரிகை கறுத்து, கரையோரம் பச்சை பூத்திருந்தது. கடைப் பையில் அச்சடித்திருந்த சிவப்பு எழுத்துகள் சேலையில் இடவலம் மாறி ஒட்டியிருந்தன. "ஒரு பொட்டுக் காற்றும் படாமல்தானே வைத்திருந்தேன், தங்கச்சி" என்றார்.

அதுதான் அக்கா, வினை.

துணி, நூல், பழைய காகிதம், பனையோலை, மீன்வலைத் துண்டு எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்துப் படைப்புகள் செய்வது என் தொழில். நாள் முழுக்க வண்ணங்களோடு விளையாடிக்கொண்டிருப்பேன் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பாதி நேரம் செத்துப்போன பட்டுக்கு முட்டுக்கொடுப்பதில்தான் கழிகிறது. இந்தத் திருகோணமலை மாவட்டத்துச் சேலைகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 2004 டிசம்பரில் கடலுக்குத் தப்பியவை, 2006இல் போருக்குத் தப்பி மூதூரிலிருந்து கையில் அகப்பட்டதை அள்ளிக்கொண்டு வந்தவர்களின் பைக்குள் இருந்தவை என் மேசைக்கு வந்திருக்கின்றன. அத்தனைக்கும் தப்பிப் பிழைத்த ஒன்று, சொந்த வீட்டு இரும்பு அலுமாரிக்குள் பத்திரமாக அழுகுகிறது என்றால் எரிச்சல் வராதா?

பொலித்தீன் ஈரத்தைத் தடுக்கும் என்பதுதான் எல்லாரும் சொல்லும் நியாயம். எந்த ஈரத்தை? நீங்கள் பையைக் கட்டும்போதே ஈரம் உள்ளே இருக்கிறது. தொட்டால் உலர்ந்ததாகத் தெரியும் பட்டுகூடச் சாதாரணக் காற்றில் தன் எடையில் ஏறத்தாழ 11 வீதம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். பருத்தி 8 வீதத்துக்குச் சற்று மேல். பகலில் அலுமாரி சூடாகும்போது அந்த நீர் துணியை விட்டு வெளியேறப் பார்க்கிறது. போக வழியில்லை. இரவில் இரும்பு குளிர்ந்ததும் பையின் உட்புறத்தில் வியர்த்து, மறுபடி சேலைக்குள்ளேயே இறங்குகிறது. சுடச்சுடக் கட்டிய சோற்றுப் பார்சலைத் திறந்தால் மேல்தாளில் துளிகள் நிற்குமே, அதே கதைதான். சோறு மாலைக்குள் ஊசிப்போவதால் நமக்குத் தெரிகிறது. சேலை பல வருடங்கள் எடுத்துக்கொள்வதால் தெரிவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மாரிமழையில் நனைந்த காற்றையும் சேர்த்து முடிச்சுப் போட்டால் பூஞ்சணத்துக்கு வேறென்ன வேண்டும்?

நம் ஊருக்கென்றே ஒரு சங்கடமும் உண்டு. கடற்காற்றில் வரும் உப்பு துணியில் படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியும். மழைக்காலத்தில் குசினி உப்புப் போத்தலைப் பாருங்கள். வியர்வையிலும் அதே உப்புத்தான். பிரெட்ரிக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில்வரை வெயிலில் ஏறி, வியர்த்து, திருநீறும் சந்தனமும் பட்ட சேலையை வந்த கையோடு மடித்து உள்ளே வைக்கலாமா? ஓர் இரவாவது மின்விசிறிக்குக் கீழே விரித்துப் போடுங்கள்.

அந்துருண்டை பூச்சியைத்தான் விரட்டும். பூஞ்சணத்துக்கு அது ஒன்றும் செய்யாது. அதைவிடப் பெரிய விஷயம்: அந்துருண்டையோடு கிடந்த சேலையில் பிள்ளைக்கு ஏணை கட்டாதீர்கள், கைக்குழந்தையைச் சுற்றாதீர்கள். ஜீ6பீடி என்ற நொதியம் குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்துருண்டையின் நப்தலீன் ஆவி இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக் கடும் மஞ்சட்காமாலையைக் கொண்டுவரக்கூடும். உங்கள் குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறதா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. தயவுசெய்து ஏணைச் சேலையை வேறாக வையுங்கள்.

புளி போட்டுச் சரிகையைத் துலக்கியவர்களும் இருக்கிறார்கள். குத்துவிளக்கு துலக்கும் கையாம், பழக்கமாம்! வெள்ளிக் கம்பியின் மேல் இருப்பது பெயருக்கு ஒரு தங்கப் பூச்சு. புளி தேய்த்தால் அதுவும் போய், அடியில் இருக்கும் பட்டுநூலும் பலவீனமாகும். கறுத்த சரிகை கறுத்தபடியே இருக்கட்டும். நான் அதையும் வைத்தே படைப்பைச் செய்வேன். அந்தக் கறுப்பு எனக்குப் பிடிக்கும்.

பசை போட்டு அட்டையில் ஒட்டிக்கொண்டு வராதீர்கள். தைத்ததைப் பிரிக்கலாம், ஒட்டியதைப் பிரிக்க முடியாது. நைந்த பட்டை மெல்லிய வலைத்துணிக்கும் பருத்தித் துணிக்கும் நடுவில் வைத்து, பட்டைவிட மெலிந்த நூலால்தான் பிடிப்பேன். இழுபட்டால் நூல் அறவேண்டும், சேலை அறக்கூடாது. தடித்த நூல் போட்டு "பலமாக" தைத்துத் தருமாறு கேட்பவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வற்றிவிட்டது.

பிரேம் போடுவதானால் கண்ணாடி துணியைத் தொடக்கூடாது. நடுவே ஒரு விரல் தடிப்புக்காவது இடைவெளி விடச் சொல்லுங்கள். கடலைப் பார்த்த சன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினால் காலை வெயிலில் நிறம் வெளுக்கும், வெளுத்த நிறம் திரும்பாது.

எப்படித்தான் வைப்பது? சேலையைச் சுற்றிவைக்க, பலமுறை துவைத்து மெலிந்த, கஞ்சி போடாத வெள்ளை வேட்டி போதும். கஞ்சி இராமபாணப் பூச்சிக்கு விருந்து. பத்திரிகைத் தாள் மஞ்சளித்து மையையும் அமிலத்தையும் துணியில் இறக்கும். மடிப்பதைவிட உருளையில் சுற்றுவது மேல், சரிகை முறியாது. உருளைக்கு இடமில்லையென்றால் மடிப்புக்குள் சுருட்டிய துணியைக் கொடுங்கள், மடிப்பு இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது எடுத்து, வாசலில் அல்ல, வீட்டுக்குள் நிழலில் ஒரு பகல் ஆறவிடுங்கள். அந்த வரண்ட காற்றுக்குக் காசு கேட்பாரில்லை. மாரி முடிந்து தை பிறந்ததும் ஒருமுறை திறந்து மணந்து பாருங்கள். புழுங்கல் மணம் வந்தால் மற்றத் துணிகளிலிருந்து பிரித்துவிடுங்கள். பூஞ்சணத்தை முகத்துக்கு நேரே உதறித் தட்டாதீர்கள்.

என்னிடம் கொண்டுவருவதானால் தலையணை உறைக்குள் போட்டுக் கொண்டுவாருங்கள். யார் கட்டியது, எந்த ஊரில், எந்த வருடம் என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, அந்த உறைக்கு வெளியே குத்திவிடுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனை வேண்டாம். மழையில் மை ஊறிப் பட்டில் இறங்கிவிட்டால் அதற்கும் என்னைத்தான் கேட்பீர்கள்.