இலவச வக்கீல் கேட்டால் வருமானச் சான்றிதழ் எதற்கு?

ஜீவனாம்ச வழக்குப் போட வந்த ஒரு பெண், மூன்று வாரம் அலைந்த பிறகு என்னிடம் பையைத் திறந்து காட்டினார். ரேஷன் அட்டை நகல் நான்கு, ஆதார் நகல் ஆறு, கையெழுத்தாகாத வருமானச் சான்றிதழ் விண்ணப்பம் ஒன்று. கிராம நிர்வாக அலுவலர் விடுப்பாம், திங்கட்கிழமை வரச் சொன்னார்களாம். அந்தச் சான்றிதழே அவருக்குத் தேவையில்லை. சட்ட உதவிக்கான மேஜையில் இருந்தவர் பழக்க தோஷத்தில் கேட்டிருக்கிறார்.

1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 12ஆவது பிரிவு. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. கணவரின் சம்பளம் எவ்வளவு என்ற கேள்விக்கும் இடமில்லை. மற்றவர்களுக்குத்தான் வரம்பு: தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய், உச்ச நீதிமன்ற வழக்கென்றால் 5 லட்சம்.

அந்த மற்றவர்களும் தாலுகா அலுவலகத் திண்ணையில் தவம் கிடக்க வேண்டியதில்லை. வருமானம் பற்றி அவர்களே தரும் பிரமாணப் பத்திரத்தைப் போதுமானதாக ஏற்கலாம் என்கிறது 13ஆவது பிரிவு. அதை நம்பாமலிருக்கக் காரணம் இருந்தால்தான் மேற்கொண்டு கேட்கலாம். சான்றிதழ் கேட்பவரிடம் பிரிவு எண்ணைச் சொல்லிப் பாருங்கள். குரல் கொஞ்சம் இறங்கும்.

இலவச வக்கீல் கேட்டு மனுக் கொடுக்க வேண்டிய இடங்கள், வட்டத்தில் சட்டப் பணிகள் குழுவும் மாவட்டத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும், பெரும்பாலும் நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே இருக்கின்றன. வாசலில் தட்டச்சு செய்பவருக்குப் பணம் கொடுத்து மனுத் தயாரிக்க வேண்டாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், அங்கிருப்பவர் எழுதிக்கொள்ள வேண்டும். எந்த அலுவலகம் என்று தெரியாவிட்டால் 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

மனுவைக் கொடுத்ததும் எண் போட்ட ஒப்புகைச் சீட்டு கையில் வராமல் நகராதீர்கள். 7 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. ஒப்புகை இல்லையென்றால் அந்த 7 நாள் எந்த நாளில் தொடங்கியது என்று எப்படிக் காட்டுவீர்கள்? மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீடு ஆணைக்குழுத் தலைவரிடம். மாவட்டத்தில் மாவட்ட நீதிபதிதான் தலைவர்.

பலர் ஏமாறுவது இன்னோர் இடத்தில். சட்ட உதவிக்கு மனுப் போட்டதால் வழக்கின் கெடு நின்றுவிடாது. சம்மனில் போட்ட தேதி போட்டதுதான். வக்கீல் இன்னும் வரவில்லையென்றாலும் அன்று நீங்களே நீதிமன்றத்தில் நின்று, மனுப் போட்டிருக்கிறேன் என்று சொல்லி வாய்தா கேளுங்கள்.

நியமிக்கப்பட்ட வக்கீல் உங்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது. நீதிமன்றக் கட்டணமும் சம்மன் அனுப்பும் செலவும் ஆணைக்குழுவைச் சேர்ந்தவை. "குமாஸ்தாவுக்கு ஏதாவது" என்று இழுத்தாலோ, வாய்தாவுக்கு வராமலே இருந்தாலோ, தேதிகளைக் குறித்து வைத்து, வேறு வக்கீல் கேட்டு எழுதிக் கொடுங்கள்.

லோக் அதாலத்துக்கு, அதாவது இரு தரப்பும் பேசிச் சமரசமாக முடிக்கும் மக்கள் நீதிமன்றத்துக்கு, அனுப்பினால் போங்கள், ஆனால் கையெழுத்தில் கவனம். அங்கே சம்மதித்து வாங்கிய தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. தொகை, தவணை, கடைசித் தேதி மூன்றும் தாளில் இருக்கின்றனவா என்று படித்துக் காட்டச் சொல்லுங்கள். "சீக்கிரம், அடுத்தவர் காத்திருக்கிறார்" என்று அவசரப்படுத்துவார்கள். ஒப்பவில்லையென்றால் பேனாவைத் தொடாமல் எழுந்து வரலாம். நடந்துகொண்டிருந்த வழக்கு பழைய நீதிமன்றத்துக்கே திரும்பும், விட்ட இடத்திலிருந்து தொடரும்.