ஆபரேஷன் தியேட்டரிலேயே உருவாகும் சிமெண்ட் கம்பி

"வலியே இல்ல டாக்டர், சீழும் நின்னுபோச்சு. எதுக்கு இன்னொரு ஆபரேஷன்?" என்று, காலெலும்புக்குள் சிமெண்ட் கம்பி வைத்த பிறகு கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பைக் விபத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து, தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்ட கால்களை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். அந்த எலும்பின் முன்பக்கம் வெறும் தோல்தான், சதையே கிடையாது. நன்றாகக் கழுவி ஸ்டீல் ராடு வைத்தாலும் சிலருக்கு உள்ளே கிருமி தங்கிவிடும். சில மாதம் கழித்துச் சின்ன ஓட்டை வழியாகச் சீழ் வடியும். ஊசி போட்டால் நிற்கும், விட்டால் மறுபடி வரும். காரணம், கிருமிகள் ராடின் மேல் ஒரு வழவழப்பான படலத்தைக் கட்டிக்கொண்டு அதற்குள் பதுங்கிவிடுகின்றன. ரத்தத்தில் வரும் மருந்து அங்கே சரியாகப் போய்ச் சேராது. ராடை எடுத்தே ஆக வேண்டும். ஆனால் எடுத்தால், இன்னும் கூடாத எலும்பு ஆடும்.

இதற்குத்தான் மருந்து கலந்த சிமெண்ட் கம்பி. வீடு கட்டும் சிமெண்ட் இல்லை, எலும்பு ஆபரேஷனுக்கென்றே உள்ள சிமெண்ட். அதை ஆபரேஷன் நடக்கும்போதே, அந்த ஒருவரின் எலும்புக்கு அளவெடுத்துச் செய்கிறோம்.

பழைய ராடை உருவி, எலும்புக் குழலை ரீமரால், அதாவது உள்ளே சுரண்டும் துளைக்கருவியால், சுரண்டிக் கழுவுவோம். கடைசியாகப் போன ரீமரைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஒல்லியாகப் புதுக் கம்பி இருக்க வேண்டும். அச்சுக்கு, நெஞ்சில் நீர் எடுக்கப் போடும் பிளாஸ்டிக் குழாய். உள்ளே பாரஃபின் எண்ணெய் தடவிக்கொள்வோம். 40 கிராம் சிமெண்ட் பொடியில் 2 முதல் 4 கிராம் வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக். சிமெண்டைக் குழைக்கும் திரவத்தை ஊற்றியதும் காட்டமான நெடி தியேட்டர் முழுக்கப் பரவும். அதற்கப்புறம் நேரம் நம் கையில் இல்லை. தோசை மாவு பதத்தில் இருக்கும்போதே குழாய்க்குள் செலுத்தி, முன்பே வளைத்து வைத்த மெல்லிய ஸ்டீல் கம்பியை நடுவில் நுழைத்துவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் கம்பி பாதியில் நின்றுவிடும். இறுகும்போது குழாய் கொதிக்கும். கையுறையைத் தாண்டிச் சுடும். அந்தச் சூட்டிலும் கெடாத மருந்தாக இருப்பதால்தான் வான்கோமைசினும் ஜென்டாமைசினும். அப்புறம் பிளேடால் குழாயை நீளவாக்கில் கீறி உரித்து, விரலால் தடவிப் பார்ப்போம். சின்ன மேடு இருந்தாலும் எலும்புக்குள் சிக்கிக்கொள்ளும் என்பதால் அதைச் சீவிவிட வேண்டும்.

சிமெண்டில் ஆன்டிபயாடிக் கலப்பதை ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் டாக்டர் புக்ஹோல்ஸ் 1970-லேயே வெளியிட்டார். நெஞ்சுக் குழாயை அச்சாக்கும் முறையை அமெரிக்காவின் எலும்பு டாக்டர்கள் பேலியும் ஹெர்சன்பர்க்கும் 2002-ல் எழுதினார்கள். பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம் என்பதால் நம் ஊர்களுக்கு இது பெரிய வரம்.

ஆனால் இது தற்காலிகக் கம்பி. முதல் சில நாட்கள் மருந்து நிறையக் கசியும், பிறகு குறைந்துகொண்டே போகும். பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரத்தில், கிருமித் தொற்று அடங்கியதா என்று காட்டும் சிஆர்பி, இஎஸ்ஆர் ரத்தப் பரிசோதனைகளைப் பார்த்துவிட்டு, எடுத்து நிரந்தர ராடு வைப்போம். லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர் வலி இல்லை என்று வராமலேயே இருந்துவிட்டார். ஒரு வருடம் கழித்து வந்தபோது உள்ளே ஸ்டீல் உடைந்து, சிமெண்ட் துண்டுகள் எலும்புக் குழலில் இறுகியிருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து முடிக்க அரை நாள் ஆனது.

சீழ் வடிந்தால் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் கிருமி தெரியாமல் போய்விடும். சிறுநீரகக் கோளாறோ மருந்து ஒவ்வாமையோ இருந்தால் முன்பே சொல்லுங்கள். எந்த மருந்து எவ்வளவு கலந்தது என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும், அதைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த ஆபரேஷனுக்குப் பணத்துக்கு என்ன செய்வது என்று தயங்கியே பலர் வராமல் போகிறார்கள். அதனால் முதல் முறை வீட்டுக்குக் கிளம்பும் முன்பே காப்பீட்டுப் பிரிவில் உட்கார்ந்து, இரண்டாவது ஆபரேஷனுக்கும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.