சராசரி மறைக்கும் மில்லிவிநாடிகள்: உயர்தர கிராபிக்ஸ் கார்டை அளக்கும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ விளையாடுவதற்கென்றே கணினி வைத்திருக்கும் இளைஞர்களிடம், திரையில் படத்தை வரையும் கிராபிக்ஸ் கார்டு எப்படி என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே ஓர் எண்தான் பதிலாக வரும்: விநாடிக்கு இத்தனை பிரேம், அதாவது இத்தனை முழுப் படம். டாலரில் அறிவிக்கப்பட்ட விலை ராண்டாக மாறி, அதன்மேல் 15 சதவீத மதிப்புக்கூட்டு வரியும் ஏறிய பிறகு, அந்த ஓர் எண்ணை நம்பித்தான் பலர் பணத்தை எடுத்து வைக்கிறார்கள். அது ஒரு சராசரி என்பதையும், டர்பனின் பிப்ரவரி வெக்கையை அறியாத ஏதோ ஓர் அறையில் எடுக்கப்பட்டது என்பதையும் எண்ணிப் பார்ப்பவர்கள் குறைவு.

2022 அக்டோபரில் வெளிவந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 4090 கார்டை எடுத்துக்கொள்வோம். 608 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள அதன் சில்லில் 7,630 கோடி டிரான்சிஸ்டர்களும், இயங்கும் நிலையில் 16,384 கணக்கிடும் மையங்களும் (கோர்களும்) உள்ளன. 4கே எனப்படும் மிக நுண்ணிய திரையில் ஒரு பிரேமுக்கு ஏறத்தாழ 83 லட்சம் படப்புள்ளிகள்; ஒவ்வொன்றின் நிறத்தையும் கணக்கிட்டு முடித்தால்தான் பிரேம் ஒன்று தயாராகும். விநாடிக்கு 60 பிரேம் வேண்டுமானால், இந்த வேலை முழுவதும் 16.7 மில்லிவிநாடிக்குள் முடிய வேண்டும். 120 வேண்டுமானால் 8.3 மில்லிவிநாடிக்குள். ஆகவே கார்டு உண்மையில் போட்டியிடுவது நேரத்தோடுதான். பிரேம் எண்ணிக்கை என்பது அந்த நேரத்தின் தலைகீழ் மட்டுமே. இந்தத் தலைகீழ் நம்மை எளிதில் ஏமாற்றிவிடும். 30 பிரேமிலிருந்து 60க்குப் போனால் ஒவ்வொரு பிரேமிலும் 16.7 மில்லிவிநாடி மிச்சமாகிறது. 120லிருந்து 240க்குப் போனாலோ மிச்சம் 4.2 மில்லிவிநாடிதான். எண்ணிக்கை இரண்டு இடங்களிலும் இரட்டிப்பாகியிருந்தாலும், கண்ணும் கையும் உணரும் மாற்றம் ஒன்றல்ல.

சராசரியின் சிக்கல் இதைவிட ஆழமானது. ஒரு விநாடியில் இரண்டு கார்டுகளும் 100 பிரேம்கள் தருவதாக வைத்துக்கொள்வோம். முதல் கார்டு ஒவ்வொரு பிரேமையும் சரியாக 10 மில்லிவிநாடியில் முடிக்கிறது. இரண்டாவது, 98 பிரேம்களைத் தலைக்கு 8 மில்லிவிநாடியில் முடித்துவிட்டு, மீதி இரண்டுக்கும் 108 மில்லிவிநாடி வீதம் எடுத்துக்கொள்கிறது. இரண்டின் சராசரியும் 100தான். ஆனால் இரண்டாவதில் விநாடிக்கு இருமுறை படம் கண்ணுக்குத் தெரியும்படி திக்கும். டர்பனில் பகிர்வு டாக்சிகள் கிளம்பும் வார்விக் சந்திப்பில் மணிக்குப் பன்னிரண்டு டாக்சி என்று ஏட்டில் இருக்கலாம். பதினொன்று ஒன்றாக வந்து போய்விட்டால், வரிசையில் நிற்பவருக்கு அந்தக் கணக்கால் என்ன பயன்? கணினிக் கருவிகளை மதிப்பிடும் டெக் ரிப்போர்ட் இணையதளத்தின் ஸ்காட் வாசன் 2011இல் ஒவ்வொரு பிரேமின் நேரத்தையும் தனித்தனியே வரைபடமாக்கிக் காட்டிய பிறகே, கார்டு மதிப்பீட்டில் இந்த உண்மை பரவலாக இடம்பிடித்தது.

இன்று மதிப்பீடுகளில் சராசரிக்குப் பக்கத்தில் ‘1 சதவீதக் கீழெண்’ என்று ஒன்று, அதாவது மிக மெதுவான பிரேம்களின் வேகம், தரப்படுவது இதனால்தான். அதைக் கணக்கிடும் முறை எல்லோரிடமும் ஒன்றல்ல. சிலர் பிரேம் நேரங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, நூற்றில் 99ஆவது இடத்தில் (99ஆம் சதமானத்தில்) நிற்கும் ஒரே நேரத்தை எடுத்துத் தலைகீழாக்குகிறார்கள். வேறு சிலர் மிக மெதுவான ஒரு சதவீதப் பிரேம்கள் அனைத்தின் சராசரியை எடுக்கிறார்கள். எனவே ஒருவரின் கீழெண்ணை இன்னொருவரின் கீழெண்ணோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. சராசரியிலும் ஒரு பொறி இருக்கிறது. மொத்தப் பிரேம்களை மொத்த நேரத்தால் வகுப்பதே சரி. ஒவ்வொரு பிரேமுக்கும் அந்தக் கணத்து வேகத்தைக் கண்டு அவற்றின் சராசரியை எடுத்தால், மேலே சொன்ன திக்குகிற கார்டுக்கு 100க்குப் பதிலாக 122க்கு மேல் வந்துவிடும். திக்கியதற்கே பரிசு கொடுத்ததாகிவிடும்.

அளப்பதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. இன்டெலின் இலவச மென்பொருளான பிரசன்ட்மான், விளையாட்டு ஒவ்வொரு பிரேமையும் இயங்குதளத்திடம் ஒப்படைக்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டே போகும். ஒரே காட்சியை, ஒரே அமைப்புகளோடு, குறைந்தது மூன்று முறை ஓட்ட வேண்டும். முதல் ஓட்டத்தில், படப்புள்ளிகளின் நிறத்தைக் கணக்கிடும் ஷேடர் நிரல்கள் அப்போதுதான் தொகுக்கப்படுவதால் தோன்றும் திக்கலைக் கார்டின் குறையாக எழுதக் கூடாது. ஓட்டத்துக்கு ஓட்டம் இரண்டு மூன்று சதவீதம் மாறுவது இயல்பு. அந்த அளவு வித்தியாசத்தை வைத்து இந்தக் கார்டு வென்றது, அந்தக் கார்டு தோற்றது என்று எழுதுபவர்களை நான் நம்புவதில்லை.

அடுத்துக் கேட்க வேண்டியது, யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்பது. ஒவ்வொரு பிரேமுக்கும் என்ன வரைய வேண்டும் என்ற கட்டளைகளை முதலில் கணினியின் மையச் செயலியான சிபியு தயாரித்துத் தர வேண்டும். வழக்கமான 1080பி திரையைவிட 4கே திரையில் படப்புள்ளிகள் நான்கு மடங்கு. ஆகவே கார்டுதான் முழுச் சுமையையும் தாங்குகிறது என்றால், 4கேயிலிருந்து 1080பிக்கு இறங்கியதும் வேகம் வெகுவாக உயர வேண்டும். உயராமல் அதே இடத்தில் நின்றால், கார்டு வேலையை முடித்துவிட்டுச் சிபியுவுக்காகக் காத்திருக்கிறது என்று பொருள். பிரசன்ட்மானில் 2023இல் சேர்க்கப்பட்ட ‘ஜிபியு பிஸி’ என்ற, கார்டு வேலையில் இருந்த நேரத்தைக் காட்டும் அளவீடு இதை நேரடியாகவே காட்டிவிடும்: பிரேமுக்கு 8 மில்லிவிநாடி ஆகும்போது கார்டு வேலை செய்தது 5 மட்டுமே என்றால், மீதி 3 காத்திருப்பு. பழைய சிபியு உள்ள கணினியில் 4090ஐப் பொருத்தி 1080பி திரையில் விளையாடுவது, என் பார்வையில், பணத்தை வீணாக்கும் வழிகளில் தலையாயது.

நினைவகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 4090இன் 24 ஜிகாபைட் நினைவகம் விநாடிக்கு 1,008 ஜிகாபைட் வேகத்தில் தரவைக் கொடுக்கும். ஒரு விளையாட்டுக்கு அந்த இடம் போதாமல் கணினியின் பொது நினைவகத்துக்குப் போக நேர்ந்தால், இடையில் உள்ள பாதை விநாடிக்கு ஏறத்தாழ 32 ஜிகாபைட்தான் தரும். நினைவகம் குறைந்த கார்டுகளில் சராசரி நன்றாக இருந்தும் கீழெண் சரிந்து விழுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

இப்போதைய விளம்பரங்களில் வரும் மிகப் பெரிய எண்களைத் தனியே வைத்துத்தான் படிக்க வேண்டும். 4090 வந்தபோதே, கணக்கிடப்பட்ட இரண்டு பிரேம்களுக்கு இடையில் ஊகித்து வரைந்த ஒன்றைச் செருகும் வசதியும் வந்தது. 2025இல் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக் கார்டுகள் வெளியானபோது, கணக்கிடப்பட்ட ஒவ்வொரு பிரேமுக்கும் மூன்று வரை ஊகித்து வரைய முடிந்தது. அப்படி மூன்றைச் செருகும்போது திரையில் 240 என்று காட்டினாலும், விளையாட்டு உங்கள் சுட்டியின் அசைவைக் கேட்டு இயங்குவது 60 முறைதான். அதோடு, இடையில் வரைவதற்கு அடுத்த பிரேம் கையில் இருக்க வேண்டும் என்பதால், அதைச் சற்றுப் பிடித்துவைத்தே காட்ட முடியும். தாமதம் குறைவதில்லை, சிறிது கூடுகிறது. படம் வழுக்கிக்கொண்டு போவது உண்மை. ஆனால் அதைக் கார்டின் கணக்கிடும் திறன் என்று எழுதுவது சரியன்று. இங்கே இன்னொரு குழப்பத்தையும் நீக்கிவிடலாம். இணையத்தில் விளையாடும்போது படம் சீராக ஓடுகிறது, எதிராளி மட்டும் விட்டுவிட்டுக் குதிக்கிறான் என்றால், அது வலையமைப்பின் தாமதம். தென்னாப்பிரிக்காவிலிருந்து ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையோரமாக இங்கிலாந்து வரை செல்லும் டபிள்யூஏசிஎஸ் கடலடிக் கேபிளின் நீளம் 14,500 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அங்கிருக்கும் சர்வரோடு விளையாடினால், கண்ணாடி இழையில் ஒளி போய்வருவதற்கே 145 மில்லிவிநாடி ஆகிவிடும். எந்தக் கார்டும் இதை மாற்றாது.

இனி வெப்பத்துக்கு வருவோம். நம் ஊர்க்காரர்களுக்கு இதுவே முக்கியமான பகுதி. 4090 முழுச் சுமையில் 450 வாட் வரை இழுக்கும். அத்தனையும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகவே வெளியேறும். கதவைச் சாத்திக்கொண்டு மூன்று மணி நேரம் விளையாடினால், சிறிய மின்கணப்பு ஒன்றை அவ்வளவு நேரம் எரியவிட்டதற்குச் சமம். சில்லு சூடேற ஏறக் கார்டு தன் கடிகார வேகத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளும். ஆதலால் முதல் இரண்டு நிமிடங்களில் எடுத்த அளவு கார்டின் உண்மையான வேகம் ஆகாது. அரை மணி நேரம் ஓடவிட்டு, வெப்பநிலை ஓரிடத்தில் நிலைத்த பிறகு எடுப்பதுதான் கணக்கில் வரும்.

வெப்பநிலையைக் குறிக்கும்போது, அறையின் வெப்பநிலைக்கு மேல் எத்தனை டிகிரி என்று குறிப்பதே ஒழுங்கு. 22 டிகிரி அறையில் 65 காட்டிய கார்டு, விசிறி அதே வேகத்தில் சுழன்றால், கோடைக்கால டர்பனின் 30 டிகிரி அறையில் ஏறத்தாழ 73 காட்டும். கடற்கரை ஈரப்பதத்தைப் பலரும் குறை சொல்கிறார்கள். அது நம் வியர்வையை உலரவிடாதே தவிர, கார்டின் குளிர்ச்சியை ஏறக்குறைய தொடுவதே இல்லை.

ஜோகன்னஸ்பர்க்கின் கதை வேறு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்நகரில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. விசிறி அதே வேகத்தில் சுழன்று அதே கன அளவு காற்றைத் தள்ளினாலும், வெப்பத்தை ஏந்திச் செல்லும் காற்றின் நிறை அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது. தோராயமாகக் கணக்கிட்டால், அதே 22 டிகிரி அறையில் அதே கார்டு நான்கைந்து டிகிரி கூடுதலாகக் காட்டும். அல்லது அதைத் தவிர்க்க விசிறி இன்னும் வேகமாகச் சுழன்று கூடுதல் இரைச்சல் எழுப்பும். கடலோர ஆய்வுக்கூடத்தில் எடுத்த இரைச்சல் அளவை அங்குள்ளவர் அப்படியே நம்ப முடியாமல் போவதற்கு இதுவே காரணம்.

வெப்பத்தையும் மின்சாரத்தையும் ஒன்றாகக் குறைக்க ஒரு வழி உண்டு. சில்லின் மின்நுகர்வு கடிகார வேகத்தோடு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தோடு இருபடியாகவும் ஏறும்; கடைசிச் சில மெகாஹெர்ட்சை எட்டுவதற்காகவே மின்னழுத்தம் வெகுவாக உயர்த்தப்படுகிறது. எனவே 4090இன் மின்நுகர்வு வரம்பை 70 சதவீதத்துக்கு, அதாவது 315 வாட்டுக்குக் குறைத்தாலும், பெரும்பாலான விளையாட்டுகளில் வேகம் சில சதவீதமே சரிகிறது. மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023ஆம் ஆண்டில் இன்வெர்ட்டர் வாங்கி வைத்த வீடுகளுக்கு இது நேரடியான பயன் தரும். சிபியுவையும் திரையையும் சேர்த்தால், முழு வரம்பில் கணினி 600 வாட்டையும் தாண்டக்கூடும். அதற்கு மேல், மிகக் குறுகிய கணங்களுக்குக் கார்டு தன் வரம்பையும் தாண்டி மின்னை உறிஞ்சுவதும் உண்டு. இதற்காகவே கணினி மின்வழங்கிகளுக்கான ஏடிஎக்ஸ் 3.0 தரவரையறை, மின்வழங்கி தன் அளவைப் போல் இரு மடங்கு சுமையை 100 மைக்ரோவிநாடி தாங்க வேண்டும் என்று விதிக்கிறது. மேசைக்கடியில் வைக்கும் சிறிய யூபிஎஸ் இத்தகைய சுமையில் ஒரு கூவலோடு அணைந்துவிடும். வரம்பைக் குறைத்த பின், இன்வெர்ட்டரில் ஓடும்போது பிரேம் நேர வரைபடத்தை மீண்டும் ஒருமுறை எடுத்து, சுவர் மின்சாரத்தில் எடுத்ததன்மேல் வைத்துப் பார்த்தால், எதை இழந்தோம் என்பது மில்லிவிநாடிக் கணக்கில் தெரிந்துவிடும்.