கச்சா எண்ணெய் ஏறினால் வீட்டு சிலிண்டர் விலை என்ன ஆகும்? மானியம் யாருக்குக் கிடைக்கும்?

கச்சா எண்ணெய் விலை ஏறுகிறது என்று செய்தி வந்தாலே, அடுத்த சிலிண்டர் எவ்வளவு ஆகுமோ என்ற கவலை வீட்டில் வந்துவிடுகிறது. கவலை நியாயமானதுதான். ஆனால் அந்த ஏற்றம் அப்படியே அடுத்த பில்லில் வந்து நிற்பதில்லை.

நம் அடுப்பில் எரிவது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த வாயு. நாட்டின் தேவையில் ஏறத்தாழ 60 சதவீதம் இறக்குமதி, அதில் பெரும்பகுதி வளைகுடா நாடுகளிலிருந்து வந்திருக்கிறது. புரொப்பேன், பியூட்டேன் இரண்டுக்கும் சவூதி அரசின் எண்ணெய் நிறுவனமான அராம்கோ மாதந்தோறும் அறிவிக்கும் விலைதான் அடிப்படை. கச்சா எண்ணெய் ஏறும்போது அதுவும் பெரும்பாலும் கூடவே ஏறும். அதன்மேல் கப்பல் கூலி, டாலர் மதிப்பு, 5 சதவீத ஜிஎஸ்டி, ஏஜென்சி கமிஷன் எல்லாம் சேரும். ரூபாய் சரிந்தால், சவூதி விலை அசையாவிட்டாலும் செலவு கூடும்.

டீக்கடைகளும் ஓட்டல்களும் வாங்கும் 19 கிலோ சிலிண்டர் விலை பொதுவாக மாதம் 1ஆம் தேதி மாறும். 14.2 கிலோ வீட்டு சிலிண்டரின் விலையோ அரசின் முடிவைப் பொறுத்தது. சவூதி விலை 2019-20இல் சராசரியாக டன்னுக்கு 415 டாலர். 2022-23இல் 712 டாலர். அந்தச் சுமை முழுவதையும் வீடுகளின் தலையில் ஏற்றவில்லை. எண்ணெய் நிறுவனங்களின் நஷ்டத்துக்கு ஈடாக மத்திய அரசு 2022 அக்டோபரில் 22,000 கோடி ரூபாயும், 2025 ஆகஸ்டில் 30,000 கோடி ரூபாயும் ஒதுக்கியது. இதற்கு மறுபக்கமும் உண்டு. உலகச் சந்தை இறங்கினாலும் நமக்கு உடனே குறையாது. 2025 ஏப்ரலில் 50 ரூபாய் கூட்டி சென்னையில் 868.50 ரூபாய் ஆனபோது, கச்சா எண்ணெய் இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

இனி மானியம். முழு விலை கொடுத்து வாங்கினால் மானியம் வங்கிக் கணக்கில் வரும் முறை 2015 ஜனவரி முதல் நாடு முழுவதும் இருக்கிறது. ஆனால் 2020 நடுப்பகுதியிலிருந்து சாதாரண இணைப்புகளுக்கு, சில ஊர்களில் வரும் சிறு தொகையைத் தவிர, மானியம் இல்லை. விலை ஏறினால் அந்த வீடுகள் முழுவதையும் தாங்க வேண்டியதுதான்.

ஏழைக் குடும்பப் பெண்களுக்கான மத்திய அரசின் உஜ்வாலா திட்டத்தில் இணைப்பு உள்ளவர்களுக்கு மட்டும் 2025-26க்கு சிலிண்டருக்கு 300 ரூபாய் என்று அறிவித்தார்கள். அந்த ஆண்டில் 9 சிலிண்டர் வரை என்று வரம்பும் வைத்தார்கள். முன்பு அது 12. இந்த மாற்றம் பல வீடுகளுக்கு எட்டவே இல்லை என்பது என் வருத்தம். எத்தனையாவது சிலிண்டர் என்று எண்ணி வையுங்கள்.

பணம் வரவில்லையென்றால் முதலில் வங்கிக்குப் போய், ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று கேளுங்கள். கடைசியாக ஆதார் இணைத்த கணக்குக்குத்தான் பணம் போகும். மறந்துபோன ஒரு கணக்கில் அது சேர்ந்துகொண்டிருக்கலாம். அடுத்து ஏஜென்சியில் கைரேகையோ முகமோ காட்டிச் செய்யும் இ-கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்பு முடிந்ததா என்று பாருங்கள். அதன்பிறகும் வராவிட்டால் 1800-2333-555 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் கொடுக்கலாம்.

வீடு வரை கொண்டுவந்து தரும் கூலி பில் தொகைக்குள்ளேயே அடக்கம். எடையில் சந்தேகம் வந்தால் அங்கேயே எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். சிலிண்டர்மேல் எழுதியிருக்கும் காலி எடையோடு 14.2 கிலோ சேர்ந்து வர வேண்டும்.