கோட்: கூடைப்பந்தில் இந்த 'ஆடு' எங்கிருந்து வந்தது?

கூடைப்பந்து ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்தால் கொஞ்ச நேரத்தில் 'யார் கோட்?' என்ற சண்டை வந்துவிடும். ஒருவர் மைக்கேல் ஜோர்டன் என்பார், இன்னொருவர் லெப்ரான் ஜேம்ஸின் புள்ளிக் கணக்கைத் தூக்கிக்கொண்டு வருவார். மேலே போட்டுக்கொள்கிற கோட் இல்லை இது, கணினிக்கு எழுதுகிற கோடும் இல்லை (தமிழில் எழுதினால் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும், என்ன செய்ய). 'கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்' என்ற நான்கு சொற்களின் முதலெழுத்துகள். சேர்த்து வாசித்தால் ஆங்கிலத்தில் ஆடு, அதனால்தான் எல்லாரும் ஆட்டுப் படம் போடுகிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அமெரிக்க விளையாட்டுப் பேச்சில் ஆடு என்பது முன்பு வசவு. கடைசி நேரத்தில் சொதப்பி அணியைத் தோற்கடித்தவரை அப்படிச் சொல்வார்கள், நம் பலிகடா மாதிரி. புகழ்ச்சிப் பொருளின் வேர் குத்துச்சண்டையில் இருக்கிறது. முகமது அலி தன்னையே 'தி கிரேட்டஸ்ட்' என்று சொல்லிக்கொண்டவர், அவர் மனைவி லோனி அலி 1992இல் இந்த நான்கெழுத்துப் பெயரில் ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்தார். 2000இல் ராப் பாடகர் எல்எல் கூல் ஜே தன் ஆல்பத்துக்கு இதையே தலைப்பாக வைத்தார். 2018இல் மெரியம் வெப்ஸ்டர் அகராதிக்குள்ளும் வந்துவிட்டது. கூடைப்பந்தில் தனியாக ஒரு கிளைக்கதையும் உண்டு: நியூயார்க் ஹார்லெம் தெரு மைதானங்களில் பெயர் வாங்கிய ஏர்ல் மானிகால்ட்டின் பட்டப்பெயரே 'தி கோட்'. அவர் குடும்பப் பெயரை யாரோ தப்பாக உச்சரித்ததில் வந்தது என்பார்கள். அமெரிக்காவின் பெரிய தொழில்முறை லீக்கான என்பிஏவில் அவர் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை.

சரி, சொல்லில் சிக்கல் எங்கே என்றால் அந்த 'ஆல் டைம்' பகுதியில்தான், வெவ்வேறு காலத்தவரை ஒரே அளவுகோலில் அளக்க முடிவதில்லை. பில் ரசல் 13 சீசனில் 11 கோப்பை வென்றார். 'அப்போது லீக்கில் அணிகளே குறைவு' என்று உடனே மடக்குவார்கள், அவர் வந்தபோது எட்டே அணிகள் என்பது உண்மைதான். ஆனால் அவருடைய முக்கிய வேலையே எதிராளியின் ஷாட்டைத் தடுப்பது, அந்தத் தடுப்புகளை (பிளாக்) என்பிஏ அதிகாரபூர்வமாக எண்ண ஆரம்பித்ததோ 1973-74 சீசனில், அவர் ஓய்வு பெற்று நாலு வருஷம் கழித்து! இறுதிச்சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் 1969இல்தான் தொடங்கியது, அது ரசலின் கடைசி சீசன், அந்த முறை விருது போனது தோற்ற அணியின் ஜெர்ரி வெஸ்டுக்கு. ஆக, அந்த விருது ஜோர்டனிடம் ஆறு, ரசலிடம் ஒன்றுகூட இல்லை. 2009இல் அந்த விருதுக்கே ரசல் பெயரை வைத்தார்கள்.

வில்ட் சேம்பர்லைன் கதையும் இப்படித்தான். 1962 மார்ச் 2 அன்று ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி, அந்த சீசன் சராசரி 50.4. தூரத்திலிருந்து போட்டால் மூன்று புள்ளி தருகிற கோடு என்பிஏவுக்கு 1979இல்தான் வந்தது, அதனால் அவர் எடுத்ததெல்லாம் இரண்டு இரண்டாகவும், ஒரு புள்ளி தருகிற ஃப்ரீ த்ரோவிலும்தான். 2023 பிப்ரவரியில் கரீம் அப்துல் ஜபாரின் மொத்தம் 38,387 புள்ளி என்ற சாதனையைத் தாண்டிய லெப்ரான் ஆடுவது அந்தக் கோடு இருக்கும் காலத்தில்.

இப்போது தமிழுக்கு வருவோம். அப்படியே சொன்னால் 'எக்காலத்திலும் தலைசிறந்தவர்', அகராதிக்கு இது போதும். 'முடிசூடா மன்னன்' என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது, ஆறு தடவை முடிசூடிய ஜோர்டனை அப்படிச் சொல்லலாமா? மானிகால்ட்டுக்கு வேண்டுமானால் பொருந்தும். 'இணையற்றவர்' நல்ல சொல், ஆனால் யாரை வேண்டுமானாலும் பாராட்டித் தேய்ந்துவிட்டது. என் ஓட்டு 'ஒப்பாரும் மிக்காரும் இல்லாதவர்' என்பதற்குத்தான். சமமானவரும் இல்லை, மேலானவரும் இல்லை என்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகு சொல்கிற சொல் அது. முன்னால் 'தன் காலத்தில்' என்று சேர்த்துக்கொண்டால் ரசல், வில்ட் இருவரில் யாருக்குப் பொருந்தும் என்றாவது ஒழுங்காகச் சண்டை போடலாம், இருவரும் ஒரே காலத்தில் நேருக்கு நேர் மோதியவர்கள். ஜோர்டனா லெப்ரானா என்று என்னைக் கேட்டால் ஜோர்டன்தான், அப்புறம் உங்கள் இஷ்டம்.