நான்கு பேர் முன்னால் ஒரு தாலி: டர்பனில் சின்னக் கல்யாணம் செய்வோர் கவனத்துக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நம்மவர் கல்யாணம் என்றால் மண்டபம், நலங்கு, பெரிய பந்தி என்றே பழகிவிட்டோம். இப்போது மணமக்கள், இரண்டு சாட்சிகள், திருமண அதிகாரி, ஒரு புகைப்படக்காரர் என்று முடித்துக்கொள்ள விரும்பி எங்களிடம் வருகிறவர்கள் உண்டு. தாராளமாகச் செய்யலாம். ஆனால் பெரிய கல்யாணத்தில் ஒன்று தவறினால் ஓடிவந்து சமாளிக்கச் சித்தியும் மாமாவும் இருப்பார்கள். இங்கே அப்படி யாரும் இல்லை. அதனால் எல்லாவற்றையும் முன்கூட்டியே பேசி, எழுத்தில் வைக்க வேண்டும்.

முதலில் சட்டம். தாலி கட்டிவிட்டால் மட்டும் தென்னாப்பிரிக்காவில் திருமணம் பதிவாகாது. நடத்திவைப்பவர் ஹோம் அஃபேர்ஸ் என்னும் உள்துறை நியமித்த திருமண அதிகாரியாக இருக்க வேண்டும். எல்லாக் கோயில் குருக்களுக்கும் அந்த நியமனம் கிடையாது, கேட்டுக்கொள்ளுங்கள். 1961ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி வழிபாட்டுக் கட்டடம், அரசு அலுவலகம் அல்லது குடியிருக்கும் வீட்டில், கதவுகள் திறந்திருக்க, குறைந்தது இரண்டு சாட்சிகள் முன்னால் திருமணம் நடக்க வேண்டும். கடற்கரை மணல் அந்தப் பட்டியலில் இல்லை. சட்டப்படியான திருமணத்தை முந்தின நாளே வீட்டில் முடித்துவிட்டு, கடற்கரையில் மாலை மாற்றிக்கொள்வதுதான் எங்கள் பரிந்துரை.

சொத்து விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். எதுவும் எழுதாமல் மணந்தால் இருவர் சொத்தும் கடனும் ஒன்றாகிவிடும். அது வேண்டாம் என்றால் கல்யாணத்துக்கு முன்பே நோட்டரி முன்னிலையில் ஒப்பந்தம் போட வேண்டும். பிறகு மாற்ற வேண்டுமானால் உயர் நீதிமன்றம்வரை போக நேரும்.

ஆள் குறைவு என்பதால் புகைப்படக்காரரையே சாட்சியாகப் போடச் சிலர் கேட்கிறார்கள். அவர் பேனா பிடிக்கும் நேரத்தில் கேமரா யார் கையில்? வேறு ஆளைத் தேடுங்கள்.

அடுத்து வெளிச்சம். டர்பன் கடல் கிழக்கே இருக்கிறது. ‘கடலில் சூரியன் மறையும் படம்’ இங்கே கிடைக்காது. மாலையில் சூரியன் நகரத்துக்குப் பின்னால் இறங்கிவிடும். கடலோடு சூரியன் வேண்டும் என்றால் விடியல்தான். டிசம்பரில் காலை 5 மணிக்கு முன்பே உதித்துவிடும், ஜூனில் 7 மணியை ஒட்டி. டிசம்பர் முகூர்த்தத்துக்கு அலங்காரம் செய்பவர் நள்ளிரவு தாண்டியதும் வந்தாக வேண்டும். டிராக்கன்ஸ்பர்க் மலையில் வேறு கணக்கு: கோடையில் பிற்பகல் இடிமழை சகஜம், எனவே அங்கும் காலையே பாதுகாப்பு. பூங்காக்களில் தொழில்முறைப் படப்பிடிப்புக்கு அனுமதி கேட்பார்கள். டிரோன் வேண்டுமென்றால் இடத்தைக் குறிக்கும் முன்பே விசாரியுங்கள்.

ஏசி அறையிலிருந்து கேமராவை நேராகக் கடற்கரைக்குக் கொண்டுபோனால் ஈரக்காற்றில் லென்ஸ் பனித்துவிடும். துடைத்தாலும் திரும்பப் பனிக்கும். அரைமணி நேரம் முன்பே பையை வெளியே வைப்பதுதான் வழி.

தாலி கட்டும் நொடியைக் கொஞ்சம் பேச வேண்டும். முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, மற்றதை நாத்தனார் போடுவது பல வீட்டு வழக்கம். நாத்தனார் இல்லையென்றால் மூன்றையும் அவரே போட வேண்டும், மஞ்சள் கயிறு விரலில் வழுக்கும். பின்கழுத்தில் சடையும் மல்லிகையும் மறைக்கும். தூக்கிப் பிடிக்கத் தோழியும் இல்லை. அன்றைக்குச் சடையை முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது கொண்டையாக முடியுங்கள். வீட்டில் வேறொரு கயிற்றை வைத்து ஒருமுறை ஒத்திகை பாருங்கள். புகைப்படக்காரர் மணமகளுக்கு முன்னால், சற்றே பக்கவாட்டில் நிற்கட்டும். அங்கிருந்துதான் இரண்டு முகமும் கையும் சேர்ந்து விழும்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது பொறுக்கியெடுத்த முப்பது படங்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரே கல்யாணத்தின் முழுத் தொகுப்பையும் கேளுங்கள். மாநிறம், கறுப்பு நிற முகங்கள் வெயிலில் எப்படி வந்திருக்கின்றன, பட்டுச் சரிகை வெளுத்துப்போயிருக்கிறதா என்று கவனியுங்கள். வெள்ளை கவுனுக்கு வெளிச்ச அளவு வைத்தே பழகியவர் படத்தில் நம் முகம் இருண்டுபோகலாம், இல்லையென்றால் நிறத்தையே மாற்றிவிடுவார். ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் பதியும் கேமராவா, அவருக்கு உடம்பு சரியில்லையென்றால் பதிலுக்கு யார், மழை வந்தால் எந்த இடம், எத்தனை வாரத்தில் படம் கைக்கு வரும் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். முழுப் பணத்தையும் முன்பே கேட்டால் யோசியுங்கள்.

1978ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் உரிமை எடுக்கச் சொன்னவருக்கே, ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாதவரை. வேறு மாதிரி சொல்லும் ஒப்பந்தங்கள் உண்டு. அந்த வரியைத் தேடிப் படியுங்கள். வேண்டாமென்றால் கையெழுத்துக்கு முன்பே நீக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் இன்னும் சொல்லாத கல்யாணமாக இருந்தால் இதை மறக்கவே கூடாது: படத்தை எந்தத் தேதிக்கு முன் இன்ஸ்டாகிராமில் போடக்கூடாது என்று எழுதி வாங்குங்கள். பெற்றோர் செய்தியை உங்கள் வாயால் கேட்க வேண்டும், யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் படத்தில் பார்க்கக்கூடாது. புகைப்படக்காரரின் உதவியாளர், அலங்காரம் செய்பவர், பூக்காரர் மூவரிடமும் அதே தேதியைச் சொல்லி ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.