ஓர் எழுத்து இணைத்த சங்கிலி

யூயிங் சர்க்கோமா என்னும் எலும்புப் புற்றுநோய் ஏன் சில இனத்தாரை அதிகம் தாக்குகிறது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். 1921-இல் ஜேம்ஸ் யூயிங் விவரித்த இந்தக் கட்டி பெரும்பாலும் பதின்வயதினருக்கே வருகிறது. அமெரிக்காவில் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் சுமார் 1.5 பேருக்கும், ஆசிய வம்சாவளியினரிடம் அதில் ஏறத்தாழ பாதிப் பேருக்கும் வருகிறது. ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் 0.2 மட்டுமே. ஆப்பிரிக்காவிலும் இது அரிது என்பதால், காரணத்தை வாழும் ஊரில் அல்ல, வம்சாவளியில் தேட வேண்டும்.

இந்தக் கட்டியின் செல்களில் பெரும்பாலும் 11-ஆம், 22-ஆம் குரோமோசோம்கள் உடைந்து துண்டுகள் இடம் மாறி ஒட்டும்போது ஒரு கலப்புப் புரதம் பிறக்கிறது. இதில் என்னை மிகவும் கவர்ந்தது அதன் விசித்திரமான பசி. அதன் ஒரு பாதியான ‘ஃபிளை-1’ புரதம், தனித்திருக்கும்போது, வேதிப்பொருள்களையே எழுத்துகளாகக் கொண்ட டி.என்.ஏ.வில் ‘ஜிஜிஏஏ’ என்ற நான்கெழுத்து ஒருமுறை வந்தாலே அங்கே அமர்ந்துவிடும். கலப்புப் புரதமோ அதே நான்கெழுத்து அடுத்தடுத்து நீளும் சங்கிலிகளையும் பற்றிக்கொள்கிறது. இயல்பான செல்லில் எந்த வேலையும் இல்லாமல் உறங்கும் பகுதிகள் அவை. கலப்புப் புரதம் வந்து அமர்ந்ததும், அருகிலுள்ள மரபணுக்களை முடுக்கும் விசைகளாகிவிடுகின்றன.

10-ஆம் குரோமோசோமில் ‘இஜிஆர்-2’ மரபணுவின் அருகிலும் இத்தகைய சங்கிலி உண்டு. 2015-இல் வெளியான ஆய்வு அதன் நடுவே ஒரு ‘ஜிஜிஏடி’ குறுக்கிடுவதைக் காட்டியது. சிலருக்கு அந்த ‘டி’ இருக்குமிடத்தில் ‘ஏ’ இருக்கிறது. அந்த ஓர் எழுத்தால் இரு துண்டுகளும் ஒரே நீண்ட சங்கிலியாகின்றன. புரதம் உறுதியாகப் பற்றுகிறது. கட்டி வளரத் தேவையான இஜிஆர்-2 பெருகுகிறது. இப்பகுதியின் ஆபத்து வடிவங்கள் ஆப்பிரிக்கரைவிட ஐரோப்பியரிடம் அதிகம்.

ஆனால் அந்த எழுத்து உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. முதலில் குரோமோசோம்கள் தற்செயலாக உடைய வேண்டும். அடிபட்டதாலோ முன்வினையாலோ வந்தது என்று பெற்றோரைக் குற்ற உணர்வில் தள்ளுவது கொடுமை.

பிழைப்பதை முடிவு செய்வதில் நோய் பரவியதா என்பதே முதன்மையானது. ஓரிடத்தில் மட்டும் இருந்தால், இன்றைய சிகிச்சையில் நூற்றுக்குச் சுமார் 70 பேர் ஐந்தாண்டுகளைக் கடக்கிறார்கள். கண்டறியும்போதே பரவியிருந்தால் ஏறத்தாழ 30 பேரே. கலப்புப் புரதம் கட்டியின் செல்களில் மட்டுமே இருப்பதால் மருந்துக்கு அருமையான இலக்கு. நோயாளிகள் குறைவு என்பதற்காக அந்த ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கத் தயங்குவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.